நிழல் இருக்கட்டும், ஊடுருவல் வேண்டாம்: எக்ஸ்எஃப்சிஇ-யில் நெடுநாள் பயன்பாடு

4 ஜிபி ராம், 1366×768 திரை, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ரங்கூனில் கைமாறி வரும் இந்த ரக மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்புடன் போட்டு, ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் பர்மியம் என்று எழுத்து வேலை பார்ப்பவர்களுக்கான குறிப்பு இது. வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில் தெளிவானது: சாளரத்தின் நிழல் வேலைக்கு உதவுகிறது, பின்னால் இருப்பது தெரியும்படி வைக்கும் ஒளி ஊடுருவல் படிப்பதைக் கெடுக்கிறது. இரண்டுக்குமான அமைப்பு ஒரே இடத்தில் இருப்பதால் பலர் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள், கணினி திணறினால் சேர்த்தே அணைத்துவிடுகிறார்கள்.

அமைப்புகளில் ‘விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்’ திறந்தால் கடைசித் தாவல் ‘காம்போசிட்டர்’. அதை இயக்கியதும் ஒவ்வொரு சாளரமும் நேரே திரைக்குப் போகாமல், நினைவகத்தில் தனியாக வரையப்பட்டு, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் திரைக்கு வரும். முழுத்திரைச் சாளரம் ஒன்றுக்கு 1366×768×4 பைட், அதாவது சுமார் 4.2 எம்பி. பத்து சாளரம் திறந்திருந்தாலும் 42 எம்பிதான். ராமைத் தின்றுவிடும் என்று பயந்து இதை அணைக்க வேண்டியதில்லை. செலவு வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

நிழலின் பயன் லிப்ரே ஆஃபீஸ் கோப்பும் பிடிஎஃப்பும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது தெரியும். இரண்டும் வெள்ளை. நிழல் இல்லாவிட்டால் எது எங்கே முடிகிறது என்று கண் தேடும். சாதாரணச் சாளரங்களுக்கும் பாப்அப்களுக்கும் நிழல் போதும். பேனலுக்கான ‘டாக்’ நிழலை எடுத்துவிடுங்கள். பேனல் மேலே இருந்தால் அந்த நிழல் சாளரத்தின் தலைப்புப் பட்டைமேல் விழுந்து அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும். கறுப்பு தீம் வைப்பவர்களுக்கு ஒன்று: கறுப்பின்மேல் கறுப்பு நிழல் தெரியாது. அங்கே தெளிவான ஓரக்கோடு உள்ள தீம்தான் வழி.

ஊடுருவல் விஷயத்துக்கு வருவோம். அதே தாவலில் ‘செயலில் இல்லாத சாளரங்களின் ஒளிபுகாமை’ என்று ஒரு நகர்த்தி இருக்கிறது. அதை 85-க்கு இறக்கினால் பின்னணி மட்டும் மங்குவதில்லை, எழுத்தும் சேர்ந்து மங்குகிறது. ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கும், நம் இரண்டு எழுத்தும் தாங்காது. தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. ‘க்’ எது ‘க’ எது என்று வாக்கியத்தை வைத்து ஊகிக்க வேண்டிவரும். பர்மியத்தில் இன்னும் சிரமம். அங்கே ‘ga’ ஒலிக்கான ‘க’ (ဂ) கீழே திறந்த வட்டம், ‘ப’ மேலே திறந்தது, ‘ங’ வலப்புறம் திறந்தது, ‘வ’ முழு வட்டம். பின்னாலிருக்கும் படத்தின் ஒரு கோடு அந்தத் திறப்பில் வந்து உட்கார்ந்தால் எழுத்தே மாறிப்போகும். ஒரு பக்கத்தைப் பார்த்து இன்னொரு பக்கத்தில் மொழிபெயர்ப்பவருக்கு, பார்க்கிற சாளரம்தான் எப்போதும் செயலில் இல்லாத சாளரம்! ஆகவே அந்த நகர்த்தி 100-லேயே நிற்கட்டும்.

டெர்மினலுக்கு ஊடுருவல் வேண்டுமே என்பவர்கள் டெர்மினலின் சொந்த அமைப்பில், தோற்றம் பகுதியில், பின்னணியை மட்டும் 90 அளவுக்கு வையுங்கள். அங்கே எழுத்து திடமாகவே இருக்கும். அதற்குக் கீழே இறக்குவது வீண்.

பின்னணியைக் கலங்கலாக்கும் ‘பிளர்’ எக்ஸ்எஃப்சிஇ-யில் இல்லை. அதற்காகப் பைக்காம் (picom) என்ற தனிக் காம்போசிட்டரை நிறுவுகிறவர்கள் முதலில் எக்ஸ்எஃப்சிஇ-யின் காம்போசிட்டரை அணைக்க வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றது கிளம்பாது. பைக்காமின் ‘டூவல் கவாசே’ வகை பிளருக்கு, திரையை வரையும் முறையாக (பேக்எண்ட்) ஜிஎல்எக்ஸ் தேவை, எக்ஸ்ரெண்டர் என்ற முறையில் வேலை செய்யாது. செலவு என்று மேலே சொன்னது இங்கேதான். பிளர் போட்ட டெர்மினலுக்குப் பின்னால் வீடியோ ஓடினால், நொடிக்கு 30 தடவை அந்தப் பரப்பு முழுவதையும் திரும்பத் திரும்பக் கலக்கிப் போட வேண்டும். சித்திரை வெயிலில், மின்விசிறியும் நின்றுபோன அறையில், மடிக்கணினியின் விசிறி இரைவதைக் கேட்டாலே புரியும்.

பைக்காமில் இன்னும் இரண்டு தொல்லை. ஜிடிகே (GTK) என்ற கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகள் சில தங்கள் நிழலைத் தாங்களே வரைந்துகொள்ளும். பைக்காமும் வரைந்தால் இரட்டை நிழல் விழும். ‘ஜிடிகே ஃப்ரேம் எக்ஸ்டென்ட்ஸ்’ உள்ள சாளரங்களை நிழல் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் தீரும். அடுத்தது ஆபத்தானது: செயலில் இல்லாத சாளரங்களுக்கு ஊடுருவல் வைத்திருந்தால், ஸ்லாக் (slock) போன்ற திரைப்பூட்டும் அதில் மாட்டி, பூட்டிய திரைக்குப் பின்னால் உள்ளது தெரியக்கூடும். திரையைப் பூட்டிப் பார்த்துச் சோதிக்காமல் பொது இடத்துக்குக் கணினியை எடுத்துப் போகாதீர்கள்.

கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது எல்லாவற்றையும் அணைக்க ஒரு குறுக்குவிசை வைத்துக்கொள்வது நல்லது. விசைப்பலகை அமைப்பில், செயலிக் குறுக்குவழியாக, ‘எக்ஸ்எஃப்காங்ஃப் க்வெரி’ (xfconf-query) கட்டளையைக் கொடுத்து, எக்ஸ்எஃப்சிஇ-யின் சாளர மேலாளருக்கான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 (xfwm4) சேனலில் ‘ஜெனரல்’ கீழுள்ள ‘யூஸ் காம்போசிட்டிங்’ மதிப்பை டாகிள் செய்யச் சொன்னால் போதும். ஒரு தட்டில் போகும், மறு தட்டில் வரும். ஆனால் நிழல் மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் பெரிய மிச்சம் கிடைக்காது. அசையாத நிழலைத் திரும்ப வரைய வேண்டியதில்லை. திரை வெளிச்சத்தைக் குறைப்பதே முதல் வேலை.

அணைத்தால் ஒரு நஷ்டமும் உண்டு. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் திரை பெரிதாகுமே, அது காம்போசிட்டர் இருந்தால்தான் நடக்கும். பர்மியத்தில் எழுத்துக்குக் கீழே எழுத்து அடுக்கி வரும் சொல்லைச் சரிபார்க்க அந்த உருட்டல் அடிக்கடி தேவைப்படும்.