மழை அட்டவணையிலிருந்து ஜேசன் கோப்பு: பல பருவங்களின் பயன்பாட்டு அனுபவம்

கோத்தகிரி வட்டாரச் சிறு தேயிலை விவசாயிகளுக்காக, நீலகிரி மழைமானி நிலையங்களின் அன்றாட அளவுகளை இணையப் பக்க அட்டவணைகளிலிருந்து எடுத்து ஜேசன் (JSON, நிரல்கள் எளிதில் வாசிக்கும் தரவு வடிவம்) கோப்பாகச் சேர்த்துவைக்கும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றைப் பல பருவமழைகளாகப் பயன்படுத்திவருகிறேன். தனி நூலகம் எதுவும் தேவைப்படவில்லை. அட்டவணையின் வரிசைகளையும் அவற்றின் கட்டங்களையும் உலாவியே தருகிறது. ஜாவாஸ்கிரிப்டின் டெக்ஸ்ட்கன்டென்ட் (textContent) மூலம் கட்டத்தின் எழுத்தை வாசித்து, ட்ரிம் (trim) கொண்டு ஓர இடைவெளிகளை நீக்கினால் போதும்.

வட்டத்தின் பெயர் ரோஸ்பேன் (rowspan, ஒரே கட்டத்தைப் பல வரிசைகளுக்கு நீட்டும் அமைப்பு) வழியாகப் பல வரிசைகளுக்கு நீண்டிருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பந்தலூர் என்ற கட்டம் முதல் வரிசையில் மட்டுமே இருப்பதால், அடுத்த வரிசையில் சேரங்கோடு என்ற நிலையத்தின் பெயர், வட்டத்தின் இடத்திற்கும் அதன் மழையளவு நிலையத்தின் இடத்திற்கும் நகர்ந்துவிடும். எனவே எந்தக் கட்டம் இன்னும் எத்தனை வரிசை நீள்கிறது என்பதை நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது வெற்றுக் கட்டம். ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் செயற்கூறு, வெற்று எழுத்துச்சரத்தை 0 என்று மாற்றுகிறது. மழை பெய்யவில்லை என்பதும் அளவு வந்து சேரவில்லை என்பதும் ஒன்றல்ல. இந்த மலையில் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்படுவது பெரும்பாலும் கனமழை நாட்களில்தான். அன்றைய கட்டம் காலியாக இருந்து, நிரல் அதைச் சுழியமாக்கிவிட்டால், மண்சரிவு அச்சம் மிகுந்த நாளே வறண்ட நாளாகப் பதிவாகும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்த அவலாஞ்சி போன்ற நிலையத்தில் அத்தகைய பதிவை நான் ஏற்கவே மாட்டேன். ஆகவே, வெற்றுக் கட்டத்தை எண்ணாக்கும் முன்பே பிரித்து 'நல்' (null, மதிப்பு இல்லை) என எழுதச் செய்கிறேன். சிறு கோடு இட்ட கட்டம் எண்ணாகாமல் நேன் (NaN, எண் அல்ல) ஆகி, ஜேசனில் தானாகவே நல் ஆகிவிடுகிறது.

காற்புள்ளியும் கவனத்திற்குரியது. '1,250' என்ற மாதக் கூட்டுத்தொகையை, எழுத்தை எண்ணாக்கும் இன்னொரு செயற்கூறான பார்ஸ்ஃப்ளோட் (parseFloat) வெறும் 1 என்றே வாசிக்கும். ஆயிரத்தைத் தாண்டும் பருவமழை மாதங்களில் மட்டுமே இது வெளிப்படும் என்பதால், கோடையில் சோதித்துத் திருப்தியடைவது போதாது.

நல் எனப் பதிவான நாட்களுக்கு, அருகிலுள்ள தேயிலைத் தோட்டத்தின் மழைமானிக் குறிப்பேட்டிலிருந்து அளவு கிடைத்தால் அதைத் தனிப் புலத்தில், எங்கிருந்து பெறப்பட்டது என்ற விவரத்துடன் சேர்க்கிறேன். மூலப் புலத்தில் நல் அப்படியே இருக்கும்.