எச்சில் பாதி, கப்பல் பட்டியல் மீதி

அப்பாவின் சின்னத் தாத்தா தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். திரும்பவே இல்லை. வாலாஜாவில் எங்கள் வீட்டில் அவரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். போன வருடம் அப்பாவும் அம்மாவும் லண்டனுக்கு வந்திருந்தபோது அவர் வழிச் சொந்தத்தைத் தேட மரபணுச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினேன். தள்ளுபடி போக 49 பவுண்டு.

என் எச்சிலைக் கொடுக்கவில்லை, அப்பாவுடையதைக் கொடுத்தோம். ஒரு தலைமுறை மூத்தவரிடம் முன்னோரின் பங்கு சராசரியாக இரண்டு மடங்கு இருக்கும். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டுக் குழாயில் துப்ப வேண்டும். 78 வயதில் வாய் உலர்ந்துவிடுகிறது. நுரை சேர்ந்ததே தவிர, கோடு வரை நிரம்பவில்லை. "புளியங்காயை நினைச்சுக்குங்க" என்று அம்மா சொன்ன பிறகுதான் நிரம்பியது.

ஆறு வாரம் என்றார்கள், பதினொரு வாரம் ஆயிற்று. 'தென்னிந்தியா 97 சதவீதம்' என்று ஒரு வரைபடம் வந்தது. அதற்காக யாரும் வாங்க வேண்டாம். கொடுத்த காசுக்கு உறவினர் பட்டியல் மட்டும்தான் தேறும். அதில் டர்பனில் ஒரு பெண்மணி, 142 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான மரபணுவின் அளவு) பொருத்தத்துடன் இருந்தார். நிறுவனம் சொன்ன உறவுமுறையை அப்படியே நம்பாதீர்கள். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிய குடும்பங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும்.

அவருக்கு எழுதினேன். அவர்கள் வீட்டுப் பழைய காகிதம் ஒன்றில் குடியேற்ற எண் இருந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. அந்தக் கப்பல் பட்டியல்கள் டர்பனில் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இருக்கின்றன. முன்பு பெயரை வைத்துத் தேடிச் சலித்திருந்தேன். குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் முனுசாமி மூன்சாமியாகியிருக்கிறார், அதிலும் எத்தனையோ மூன்சாமிகள்.

எண்ணை வைத்துத் தேடியதும் ஒரே வரி. வயது 22, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா வாலாஜா, ஊர், உயரம், வலது முழங்காலுக்குக் கீழே தழும்பு. தகப்பன் பெயர் என்ற இடத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு வைத்திருக்கும் அதே பெயர்!

நேட்டால் சொந்தம் தேடுபவர்கள் முதலில் அந்த எண்ணுக்காக வீட்டுக் காகிதங்களைப் புரட்டுங்கள். கிடைக்காவிட்டால் பெட்டியை வாங்கி, வீட்டின் மூத்தவர் எச்சிலை அனுப்புங்கள்.

அப்பா அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொன்னார். அப்புறம் பெரியப்பாவுக்குப் போன் போட்டார்.