பெங்களூரில் புதுக் குடித்தனம்: ஆப்பா, ஹாப்காம்ஸா, தெருவோரக் கடையா?

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வேலை மாறி வருகிறவர்களிடம் வாடகை அட்வான்ஸ் பற்றியும் சில்க் போர்டு நெரிசல் பற்றியும் எச்சரிக்க ஆள் நிறைய உண்டு. அடுக்களையை எப்படி நிரப்புவது என்று சொல்லத்தான் ஆளில்லை. பக்கத்து மாநிலம்தானே, எல்லாம் கிடைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். கிடைக்கவும் செய்கிறது. ஆனால் இந்த ஊரில் நல்ல கீரை விற்கும் இடம், நல்ல பழம் விற்கும் இடம், நல்ல பொடி விற்கும் இடம் மூன்றும் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளப் பார்ப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் சென்னைச் சமையலையே கொஞ்சம் ருசி குறைவாகச் சமைத்துக்கொண்டிருப்பார்.

மளிகை ஆப்பிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காத வீட்டுக்குப் பாலும் சர்க்கரையும் துடைப்பமும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? பிக்பாஸ்கெட் 2011இல் இதே ஊரில்தான் தொடங்கியது. வாசலுக்கு மளிகை வருவது இங்கே புதிதல்ல. சோப்பு, எண்ணெய் பாக்கெட், டயப்பர், பிராண்டு போட்ட ரவை மைதா, இவற்றுக்கெல்லாம் வெளியே போய் அலைய வேண்டிய அவசியமே இல்லை.

காய்கறி என்று வரும்போதுதான் எனக்கு ஆப்போடு ஒத்துப்போவதில்லை. தரம் மோசம் என்று சொல்ல மாட்டேன், பல நேரம் நன்றாகவே இருக்கும். தேடும் பெட்டியில் நாம் என்ன எழுதுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். முருங்கைக்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய். தெரிந்த பெயரை எழுதுகிறோம், தெரிந்த காய் வருகிறது. சீசன் காய்க்கு முகப்பில் ஒரு படம் போடுவார்கள்தான். அதை என்ன செய்வது என்று அங்கே யாரைக் கேட்பது? புது ஊரில் முதல் சில மாதங்களாவது காய்கறிக்கு ஆப்பை மூடி வைப்பது நல்லது. கட்டணம், ஆஃபர் கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஹாப்காம்ஸ்

தெருமுனைகளில் சின்னக் கூண்டு போலவும் சில இடங்களில் ஓரளவு பெரிய கடையாகவும் இருக்கும் ஹாப்காம்ஸைப் பார்த்ததும் நம்மவர்கள் "உழவர் சந்தை மாதிரியா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் விளைவித்தவரே தராசோடு உட்கார்ந்திருப்பார். ஹாப்காம்ஸ் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர்களிடம் சங்கம் வாங்குகிறது, சங்கத்தின் கடை விற்கிறது. 1959இல் திராட்சை விவசாயிகளுக்காக ஆரம்பித்த சங்கம் இது. தோட்டக்கலைத் துறையை நடத்திய மரிகௌடா அதற்குப் பின்னால் இருந்தார். பிறகுதான் மற்ற பழங்களும் காய்களும் சேர்ந்தன.

திராட்சையில் பிறந்ததாலோ என்னவோ, இன்றும் ஹாப்காம்ஸின் பலம் பழம்தான். பெங்களூர் புளூ என்ற கறுத்த திராட்சை வருகிற பருவத்தில் அங்கேயே வாங்குங்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சை சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது முதலில் தோல் தடிமனாக, கொஞ்சம் புளிப்பாகத் தெரியும். ஜூஸ் போட்டுப் பார்த்தால் கட்சி மாறிவிடுவீர்கள். மே மாதத்தில் மாம்பழ மேளா வைத்துத் தள்ளுபடியில் கொடுப்பார்கள். பாதாமி என்று எழுதியிருப்பது நம் அல்போன்சா. பெங்களூர்க்காரர்கள் உயிரை விடுவது ரஸ்பூரிக்கு. நார் குறைவு, சாறு கையில் வழியும், சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் வெளியூருக்கு அதிகம் வராது. இதற்காகவாவது ஒரு கோடையை இந்த ஊரில் கழிக்கலாம்.

விலை அன்றன்றைக்குச் சங்கமே நிர்ணயிப்பது, பலகையில் எழுதியிருக்கும், பேரத்துக்கு இடமில்லை. பாஷை தெரியாத புதியவருக்கு இது பெரிய ஆறுதல். காயைப் பொறுத்தவரை கடைக்குக் கடை வித்தியாசம் உண்டு. லால்பாக் பக்கம் இருக்கிற வரத்து, ஒதுக்குப்புறமான ஒரு கூண்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு இருக்காது. காலையில் போகிறவருக்கு ஹாப்காம்ஸ் நல்ல கடை, அலுவலகம் முடிந்து போகிறவருக்குச் சுமாரான கடை.

தெருவோரமும் தள்ளுவண்டியும்

என் ஓட்டு இதற்குத்தான். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ், பசவனகுடி காந்தி பஜார், இல்லையென்றால் உங்கள் தெருவுக்குக் காலையில் வரும் கீரை வண்டி.

பெங்களூரின் சமையல் கீரையில் இருக்கிறது. இங்கே அதற்குப் பெயர் சொப்பு. வெந்தயச் சொப்பும் பாலக்கும் எங்கும் உண்டு. சப்சிகே என்று கேட்டால் மெல்லிய இழைகளாக, வாசனை தூக்கலாக ஒரு கட்டு தருவார்கள். நாட்டு மருந்துக்கடையில் நாம் விதையாகப் பார்க்கும் சதகுப்பையின் கீரை அது. அக்கி ரொட்டி என்கிற அரிசி ரொட்டி மாவிலோ ரவை இட்லியிலோ ஒரு பிடி போட்டுப் பாருங்கள். தண்டு சொப்பு நம் தண்டுக்கீரை. ஹொனகொனே என்பது பொன்னாங்கண்ணி. மணத்தக்காளிக்கு இங்கே கணிகே. கீரைக்காரம்மாவிடம் "இதன்ன ஹேகே மாடோது?" (இதை எப்படிச் செய்வது?) என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கீரையையும் பயறையும் வேகவைத்து, வடித்த தண்ணீரில் ரசம் மாதிரி ஒரு சாறும், மிஞ்சியதில் பொரியலும் செய்கிற பஸ்சாரு வரை சொல்லித்தருவார். ராகி முத்தைக்கு, அதாவது கேழ்வரகுக் களிக்கு, அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. ஹலசூரு, சிவாஜிநகர் பக்கமென்றால் அவரே தமிழில் சொல்லிவிடுவார். இருந்தாலும் கன்னடத்தில் கேளுங்கள், கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை அதிகம் வரும்.

இன்னொன்று, நாட்டி, அதாவது நாட்டு ரகம். தக்காளி, கொத்தமல்லி எதுவானாலும் நாட்டியா, ஹைப்ரிடா என்று பிரித்துத்தான் வைத்திருப்பார்கள். பெரிய தக்காளி மண்டி உள்ள கோலார் பக்கத்திலேயே இருப்பதால் தக்காளிக்குப் பஞ்சமில்லை. ரசத்துக்கு நாட்டி, சாலட்டுக்கும் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைப்பதற்கும் ஹைப்ரிட். கொத்தமல்லியில் இந்தக் கேள்வியே வேண்டாம். நாட்டிக் கட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தாலே வாசனை தெரியும்.

டிசம்பர், ஜனவரியில் அவரேகாய் வரும். நாம் மொச்சை என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. இந்தக் குளிர்காலத்துக் காயில் பிசுபிசுப்போடு ஒரு மணம் ஏறியிருக்கும். மாகடி பக்கத்துக் காய்க்கு அது அதிகம் என்று தேடி வாங்குவார்கள். ஊறவைத்துத் தோலை அழுத்திப் பிதுக்கிய பருப்பையும் தெருவோரத்திலேயே விற்பார்கள், பெயர் ஹிதுகித பேளே. வேலூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது புதிதில்லை, அவர்கள் வீட்டுப் பிதுக்குப் பருப்புக் குழம்பேதான். திருநெல்வேலிக்காரர்களுக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்கும் தெருவோரக்காரர் சொல்லித்தர வேண்டும்.

குறைகளும் உண்டு. மழை பிடித்தால் கடை இல்லை. எடையில் சந்தேகம் வந்தால் ரசீது கேட்க முடியாது. பேரம் பேசத் தயங்குகிறவர் கூடுதலாகத்தான் கொடுப்பார். அந்த வித்தியாசத்தைச் சமையல் வகுப்புக்கான கட்டணமாக எடுத்துக்கொள்வேன்.

பெரிய மார்க்கெட்டுகள்

கே.ஆர். மார்க்கெட்டைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. பச்சை வழித்தட மெட்ரோவில் போய் வாசலிலேயே இறங்கலாம். விடியற்காலைப் பூக்கடைகள் பார்க்க வேண்டியவைதான். ஆனால் மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு அங்கே வாரச் சந்தை செய்வது வீண். கூறு கூறாக, மூட்டை மூட்டையாக விற்கிற இடம். வீட்டில் விசேஷம், வாழையிலை வேண்டும், மாலை வேண்டும் என்றால் போகலாம். வரமகாலட்சுமி விரதத்துக்கு முன்னால் மட்டும் பூ வாங்கப் போகாதீர்கள், விலை வானத்தில் இருக்கும். தெற்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மடிவாளா மார்க்கெட் கைக்கு அடக்கமானது. சுற்றிலும் கேரளக் கடைகள் இருப்பதால் நேந்திரங்காய், மட்டை அரிசி, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் கிடைக்கும்.

மீனுக்கு மட்டும் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட். கடல் இல்லாத ஊர்தான், ஆனால் இரண்டு கடலும் இந்த ஊருக்கு மீன் அனுப்புகின்றன. தமிழ்நாட்டுக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கர்நாடகக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏப்ரல் பாதியில் நம் பக்கத்து வரத்து குறையும்போது மங்களூர்ப் பக்கத்து பங்குடேயும் அஞ்சலும் கைகொடுக்கும்; வேறொன்றுமில்லை, நம் கானாங்கெளுத்தியும் வஞ்சிரமும்தான். ஜூலையில் கிழக்கிலிருந்து வரும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு ஓடாது. அப்போது விற்கும் மீனில் நாட்டுப்படகு மீன் எது, ஐஸ் மீன் எது என்று பார்க்கத் தெரியாதவர்கள் கோழிக்கறி வாங்கிக்கொள்வது உத்தமம்.

அங்காடியும் காண்டிமென்ட்ஸும்

அரிசி, பருப்பு, மிளகாய் மூன்றுக்கும் தெருவில் உள்ள பழைய அங்காடி ஆப்பைவிட மேல், பிரித்துக் காட்டுவார்கள் என்பதால். சோறு என்றால் இங்கே சோனா மசூரி. பச்சையா, ஸ்டீமா என்று கேட்பார்கள். பொன்னிப் புழுங்கல் சாப்பிட்டவர்களுக்கு ஸ்டீம் ஓரளவு சரிப்படும், பச்சையரிசி மதியத்துக்குள் குழைந்த உணர்வைத் தரும். துவரம்பருப்பில் கலபுரகி என்று கேட்டு வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பருப்பு. மிளகாயில்தான் புதியவர்கள் ஏமாறுவது. கேட்காவிட்டால் பேடகி வரும், சுருங்கிய தோல், ஆழ்ந்த சிவப்பு, காரம் மிகக் குறைவு. சாம்பார்ப்பொடி அரைக்கும்போது பாதி பேடகி, பாதி குண்டூர் என்று கலந்தால் நிறமும் காரமும் இரண்டும் நிற்கும். இட்லிக்கு இங்கே பல வீடுகளில் அரிசி ஊறப்போடுவதில்லை, உளுந்து மாவோடு இட்லி ரவையைக் கலக்கிறார்கள். அதைக் குறை சொல்லும் முன் ஒருமுறை செய்து பாருங்கள். எனக்கென்னவோ பிடிக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நிகராக எதுவும் எனக்குத் தோன்றாத கடை ஒன்று உண்டு: காண்டிமென்ட்ஸ். பசவனகுடி, மல்லேஸ்வரம், ஜெயநகர் என்று பழைய பேட்டைகளில் இருக்கும். ஒரு பக்கம் கோடுபளே, நிப்பட்டு, சக்லி என்று முறுக்கு, தட்டை வகைகள். மறுபக்கம் சாரின புடி (ரசப்பொடி), ஹுளி புடி (சாம்பார்ப்பொடி), சட்னிப் புடி, புளியோகரே கொஜ்ஜு, அப்பளம், வடகம். பாக்கெட் மசாலா எந்த ஆப்பிலும் வரும். இங்கே பட்டை, மராத்தி மொக்கு, கொப்பரை சேர்த்து வறுத்து அரைத்த பிசிபேளே பாத் பொடியைக் கிலோவில் நிறுத்துத் தருவார்கள். நூறு கிராமாக வாங்குங்கள், மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

நம்மூர்ச் சாமானுக்கு ஹலசூருதான் நம்பிக்கை. சுண்டைவத்தல், மிதுக்கவத்தல், செக்கு நல்லெண்ணெய், இட்லி அரிசி எல்லாம் அங்கே உள்ள கடைகளில் உண்டு. ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் கருப்பட்டியும் சில கடைகளில் இருக்கும், விலை உறுத்தும். ஊருக்குப் போய் வருகிறவர்கள் அந்த இரண்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தால் போதும். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டியதில்லை.