கிறிஸ்மா குலுக்கலுக்கு எது சரி: டிராநேம்ஸா, எல்ஃப்ஸ்டரா, வெட்டிய துண்டுச்சீட்டா?

டிசம்பர் பிறந்ததும் சென்னை அலுவலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் கிறிஸ்மா–கிறிஸ்சைல்ட் ஆட்டம் களைகட்டிவிடும். சீட்டு எடுத்தவர் கிறிஸ்மா. சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கிறிஸ்சைல்ட். சில நாள் மறைந்திருந்து குறும்பு வேலைகளாக ஏவிவிட்டு, கடைசி நாளில் பரிசு கொடுத்து கிறிஸ்மா முகம் காட்டுவார். அலுவலகத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஹெச்ஆர் இருக்கிறார். வீட்டில் 8 பேரையோ 12 பேரையோ கூப்பிட்டு நடத்துகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நடத்துவதும் அவரே, ஆடுவதும் அவரே. யார் யாரை எடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்துபோனால் அவருக்கு ஆட்டம் அத்தோடு சரி. ஆகவே இங்கே டிராநேம்ஸ், எல்ஃப்ஸ்டர் என்ற இரண்டு இணையத் தளங்களிடமும் வெட்டிய துண்டுச்சீட்டிடமும் கேட்டுப் பார்த்த கேள்விகள் இரண்டு: நடத்துகிறவருக்கும் ரகசியம் மிஞ்சுகிறதா? நடுவில் ஒருவர் கழன்றுகொண்டால் ஆட்டம் தாங்குமா?

சாதாக் குலுக்கல் ஏன் சொதப்புகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெயர்களை எழுதி டப்பாவில் போட்டு ஆளுக்கொன்றாக எடுத்தால், குறைந்தது ஒருவருக்காவது தன் பெயரே வருவதற்கான வாய்ப்பு சுமார் 63 சதவீதம். 8 பேர் என்றாலும் 30 பேர் என்றாலும் ஏறக்குறைய இதே கணக்குதான். தன் பெயர் வந்தவர் சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பார். இப்படியே போய்க் கடைசி ஆளிடம் டப்பா வரும்போது உள்ளே அவர் பெயர் மட்டும் கிடக்கலாம். பிறகு எல்லாச் சீட்டையும் வாங்கி மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது சுற்றில் யாராவது ஒருவர் “அய்யோ, எனக்குப் பழைய ஆளே நல்லா இருந்தாங்க” என்று ஒரு பக்கமாகப் பார்த்துச் சொல்லிவைப்பார். ரகசியம் அங்கேயே போச்சு.

டிராநேம்ஸ்

நெதர்லாந்துக்காரர்களின் சேவை இது. அங்கே டிசம்பர் 5 மாலை சின்டர்கிளாஸ் கொண்டாட்டத்துக்குச் சீட்டெடுத்துப் பரிசு கொடுக்கும் பழக்கம் உண்டு. அதற்காக வந்த டச்சு மொழித் தளத்தைத்தான் மற்ற நாட்டவருக்கு டிராநேம்ஸ் என்ற பெயரில் தருகிறார்கள். காசு கிடையாது. பரிசுப் பரிந்துரைகளிலிருந்து கடைகளுக்கு அனுப்பிவைப்பதில் கிடைக்கும் தரகில்தான் பிழைப்பு. அந்தப் பரிந்துரைப் பக்கங்களைச் சட்டைசெய்யாமல் கடந்துபோகலாம்.

நடத்துகிறவர் தன் பெயரையும் மற்றவர் பெயர்களையும் உள்ளிட வேண்டும். யாருக்கு யார் வரக்கூடாது என்று குறிக்கலாம். விருந்து தேதி, பரிசின் விலை வரம்பு, இரண்டு வரி அழைப்பு, இவ்வளவுதான் வேலை. பெயர் குலுங்குவது தளத்துக்குள்ளேயே நடப்பதால் நடத்துகிறவரும் எல்லோரையும்போலத் தன் சீட்டை மட்டும் பார்க்கிறார். முதல் கேள்விக்கு இது முழு மதிப்பெண் பதில். மற்றவர்கள் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்பது நம் ஆட்களுக்குப் பெரிய நிம்மதி. ‘ஓடிபி வரலை’ என்ற புலம்பல் இல்லாமல் ஒரு வேலை முடிவது அபூர்வம்.

அழைப்பை மின்னஞ்சலில் விடாதீர்கள். அது ப்ரொமோஷன்ஸ் பகுதியிலோ ஸ்பாமிலோ போய் உட்கார்ந்துகொள்ளும், பொங்கலுக்குத்தான் பார்ப்பார்கள். இணைப்பை வாட்ஸப்பில் அனுப்புங்கள், ஆனால் தனித்தனியாக. ஒருவருக்கான இணைப்பைக் குழுவில் போட்டால் முந்திக்கொண்டு தட்டுகிறவர் அவருடைய சீட்டைப் பார்த்துவிடுவார்.

இதில் இன்னொரு வசதி, எடுத்த ஆளிடம் பெயர் காட்டாமல் கேள்வி கேட்கலாம். சட்டை அளவு கேட்கத்தான் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்மா தன் கிறிஸ்சைல்டுக்கு வேலை ஏவுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது: “நாளைக் காலை குழுவில் ஒரு எம்எஸ்வி பாட்டு பாடி அனுப்பு.” அலுவலகத்தில் துண்டுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடுவதன் இடத்தை இது நன்றாகவே நிரப்புகிறது.

விலக்கு வசதியில் மட்டும் கை நீளக்கூடாது. கணவன் மனைவி ஒருவரையொருவர் எடுக்கக்கூடாது என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டு தம்பதிகள், மொத்தம் 4 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு எதிர்த் தம்பதியில் ஒருவர் வந்துவிட்டால், மிச்சமிருக்கும் இன்னொருவர்தான் கணவனுக்கு. சீட்டைப் பிரித்த நொடியிலேயே பாதி ரகசியம் உடைந்துவிடுகிறது. 6 பேருக்குக் குறைவாக இருந்தால் விலக்கே வேண்டாம். அதற்கு மேல் தம்பதிகளுக்கு மட்டும் போடுங்கள். போன வருடம் எடுத்தவர், ஒரே வீட்டுக்காரர், சண்டை போட்டவர் என்று அடுக்கிக்கொண்டே போனால் தளம் குலுக்கவே வழியில்லாமல் போகும்.

எல்ஃப்ஸ்டர்

எல்ஃப்ஸ்டர் விருப்பப் பட்டியலை மையமாக வைத்துக் கட்டியது. ஒவ்வொருவரும் மின்னஞ்சலோடு கணக்குத் தொடங்கி, வருகிறேன் என்று உறுதிசெய்து, தனக்கு வேண்டியதைப் பட்டியல் போட வேண்டும். பிறகு குலுக்கல். விலக்கு, பெயர் தெரியாத கேள்வி, நினைவூட்டல் எல்லாம் இதிலும் உண்டு. ஒரு நண்பர் கோவையில், ஒருவர் டொராண்டோவில், இருவர் சிங்கப்பூரில் என்று சிதறிக் கிடந்து, வீடியோ அழைப்பில் பரிசு பிரிக்கிற கூட்டத்துக்கு இது பொருந்தும். முகவரியும் விருப்பமும் ஓரிடத்தில் கிடப்பது அங்கே உண்மையில் உதவி.

ஒரே ஊரில், ஒரே வீட்டுக் கூடத்தில் நடக்கும் விருந்துக்கு இது அதிகப்படி. 10 பேரைக் கணக்குத் தொடங்க வைப்பதற்குள் டிசம்பர் பாதி ஓடிவிடும். தவிரவும், விருப்பப் பட்டியலில் இருப்பதையே வாங்கிக் கொடுத்தால் அது பரிசா, ஆர்டரா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. பட்டியலில் பொருளைப் போடாமல் ‘காபி பைத்தியம், காது குத்தவில்லை, வீட்டில் பூனை உண்டு’ என்ற மாதிரி குறிப்பு எழுதச் சொன்னால் வாங்குகிறவருக்கு வழியும் கிடைக்கும், வேலையும் மிச்சமிருக்கும். விருந்து முடிந்ததும் விளம்பர அஞ்சல்களை அன்சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லிவிடுங்கள்.

வெட்டிய துண்டுச்சீட்டு

எல்லோரும் ஒருமுறை நேரில் கூட முடியும் என்றால் இரண்டு தளங்களையும்விட இதுவே மேல். வேண்டியது ஒரு கெட்டியான சார்ட் அட்டை, கத்தரிக்கோல், இரண்டு நிற பால்பாயிண்ட் பேனா, ஸ்டேப்ளர். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மை பின்பக்கம் ஊறித் தெரியும்.

விசிட்டிங் கார்டு அளவில் ஆளுக்கொரு அட்டை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மேல்பாதியில் சிவப்பிலும் கீழ்ப்பாதியில் நீலத்திலும் ஒரே எண்ணை எழுதுங்கள்: முதல் அட்டையில் மேலே 1 கீழே 1, அடுத்ததில் 2, 2. தலைகீழாகப் பிடித்தால் 6 எது 9 எது என்று குழம்பும். இரண்டுக்கும் அடிக்கோடு கட்டாயம். எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்து, மேல் கீழ் மாறாமல், நன்றாகக் கலைத்து வரிசையாகப் பரப்புங்கள். எல்லா அட்டைகளையும் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். இப்போது கீழ்வரிசையை மட்டும் ஓர் இடம் வலப்பக்கம் நகர்த்தி, ஓரத்தில் மிஞ்சிய துண்டை எடுத்து இடது முனைக்குக் கொண்டுவாருங்கள். மேலும் கீழுமாக நிற்கும் இரண்டிரண்டு துண்டுகளைத் திருப்பிப் பார்க்காமல் எண் உள்ளே மறையும்படி சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து, ஒரு சம்படத்தில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லுங்கள்.

சிவப்பு எண் உங்கள் எண், அதை உரக்கச் சொல்ல வேண்டும். நீல எண் நீங்கள் பரிசு கொடுக்க வேண்டியவரின் எண், அதை மூச்சுவிடக்கூடாது. எல்லோரும் சிவப்பு எண்ணைச் சொன்னதும் எண்–பெயர் பட்டியலை எழுதிப் படமெடுத்துக் குழுவில் போட்டால் முடிந்தது. யாருக்கும் தன் பெயர் வர வழியே இல்லை. அட்டை செய்தவருக்கும் ஒன்றும் தெரியாது. மின்னஞ்சலே இல்லாத பாட்டியும், போனைத் தொட அனுமதியில்லாத குழந்தையும் ஆடலாம். பிசகுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: அவசரத்தில் யாராவது நீல எண்ணை உரக்கப் படித்துவிடுவார்கள். அப்படியானால் எல்லாவற்றையும் கிழித்துப்போட்டுப் புது அட்டைதான். வெட்டும்போது ஸ்கேல் வைத்து நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் எந்த மேல்பாதி எந்தக் கீழ்ப்பாதியோடு பொருந்துகிறது என்று ஓரத்தை வைத்தே கண்டுபிடிக்கிற துப்பறியும் சாம்பு எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

குறையும் உண்டு. தம்பதி விலக்கு இதில் கிடையாது. 8 பேரில் மனைவிக்குக் கணவன் பெயர் வரும் வாய்ப்பு ஏழில் ஒன்று. வந்தால் வந்ததுதான்.

இந்த முறையின் உண்மையான பலம் ஒருவர் விலகும்போது தெரியும். அட்டைகளை இப்படி நகர்த்தும்போது எல்லோரும் ஒரே வளையமாகக் கோக்கப்படுகிறார்கள். அ கொடுப்பது ஆவுக்கு, ஆ கொடுப்பது இக்கு, அப்படியே சுற்றிக் கடைசி ஆள் அவுக்கு. ஆ விலகினால், தான் எடுத்தது இ என்று அவர் சொன்னால் போதும். ‘ஆவை எடுத்தவர் இனி இக்கு வாங்கவும்’ என்று குழுவில் ஒரு வரி. அந்த ஆள் யார் என்று அப்போதும் யாருக்கும் தெரியாது. வளையமாகக் கோக்காமல், வந்தது வந்தபடி எடுக்கும் தற்போக்கான குலுக்கலில் அவும் ஆவும் ஒருவரையொருவர் எடுத்திருக்கவும் கூடும். 8 பேர் ஆட்டத்தில் விலகுகிறவர் அப்படி மாட்டியிருக்கும் வாய்ப்பு சுமார் எட்டில் ஒன்று. அப்போது அவுக்கு எடுக்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை. தளத்தில் மறுபடி குலுக்கலாம்தான். ஆனால் அதற்குள் புடவை வாங்கி வைத்தவருக்குச் சித்தப்பா வயது ஆண் பெயர் வந்தால் யார் பொறுப்பு?

குலுக்கிய பிறகு

சம்பளம் வந்த கையோடு, டிசம்பர் முதல் வார இறுதியில் குலுக்குங்கள். விருந்தை 24, 25இல் வைக்காதீர்கள். கிறிஸ்தவ நண்பர்களுக்கு நள்ளிரவு ஆராதனையும் வீட்டு விருந்தும் இருக்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை சரி.

விலைக்கு மேல்வரம்பு மட்டும் சொன்னால் போதாது. ‘500க்குள்’ என்றால் ஒருவர் 490க்கு வாங்குவார், இன்னொருவர் 120 ரூபாய்க் கோப்பையோடு வருவார். ‘400 முதல் 500 வரை, டெலிவரி செலவும் சேர்த்து’ என்று எழுதுங்கள். ஆன்லைனில் வாங்கினால் உங்கள் வீட்டுக்கே வரவழைத்து உறையை மாற்றுங்கள். நேரே அனுப்பினால் பெட்டிக்குள் இருக்கும் பில் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். எம்ஆர்பி ஒட்டுச்சீட்டை ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடேற்றி உரித்தால் கிழியாமல் வரும். கண்ணாடி, எவர்சில்வரில் மிஞ்சும் பசையைத் தேங்காய் எண்ணெய் எடுக்கும். அட்டைப்பெட்டியில் எண்ணெய் வைக்காதீர்கள், கறை போகாது.

பரிசுத்தாள் 50க்கு 70 சென்டிமீட்டர் அளவில் கிடைக்கும். பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போகிறவர்கள் மொத்தமாக வாங்கிவரலாம். ஒரு பெட்டிக்கு எவ்வளவு என்பது எளிய கணக்கு: அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி 3 சென்டிமீட்டர் சேர்த்தால் தாளின் ஒரு பக்கம். நீளத்தோடு உயரத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் மறுபக்கம். 20 நீளம், 15 அகலம், 8 உயரம் என்றால் 49க்கு 32. ஒரு தாளில் இரண்டு பெட்டி. டிசம்பர் ஈரத்தில் பளபளப்பான பிளாஸ்டிக் தாளில் செலோடேப் ஒரே இரவில் வாய்பிளக்கும். மேட் தாள் வாங்குங்கள், இல்லையென்றால் இரட்டைப் பக்க டேப். மேலே பெறுகிறவரின் எண்ணை மட்டும் எழுதுங்கள். பெயர் எழுதினால் கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பரிசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பதுதான் ரகசியம் உடைகிற இன்னொரு இடம். கைப்பைக்குள் மறைத்து வந்து, படுக்கையறையில் விரித்திருக்கும் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். எல்லோரும் வந்ததும் போர்வையோடு கூடத்துக்கு.

பிரிப்பது சாப்பாட்டுக்கு முன்னால் நடக்க வேண்டும். பிரியாணிக் கையோடு தாளைப் பிரித்தால் பொருள் போச்சு. சாப்பிட்டு முடித்தால் பாதிப்பேர் வண்டிச் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் பிரித்து, கிறிஸ்மா யார் என்று மூன்று தடவை ஊகித்து, ஆள் வெளிப்பட 4, 5 நிமிடம் ஆகும். 12 பேருக்கு ஒரு மணி நேரம். வெளிப்பட்ட கிறிஸ்மா அடுத்துத் தன் பரிசைப் பிரிப்பார், பிறகு அவருடைய கிறிஸ்மா. துண்டுச்சீட்டு வளையத்தில் இது தடங்கலில்லாமல் கடைசி வரை ஓடும். தற்போக்குக் குலுக்கலில் 10 பேரும் ஒரே வளையமாக அமைவது சுமார் 27 சதவீதம்தான். மற்ற வேளைகளில் நடுவில் வளையம் மூடிக்கொள்ளும். அப்போது இன்னும் பரிசு வாங்காதவர்களில் வயதில் சிறியவரிடமிருந்து மறுபடி தொடங்குங்கள். வளையத்தில் கடைசிக்கு முந்தைய ஊகம் எப்போதும் சப்பென்று இருக்கும், மிச்சமிருப்பவர்கள் இரண்டே பேர் என்பதால். ஆகவே அந்த இருவருக்கு ஊகத்தை விட்டுவிட்டு, கிறிஸ்மா ஏவிய வேலைகளில் எதைச் செய்யாமல் ஏமாற்றினார்கள் என்று விசாரணை வைத்துக்கொள்ளலாம்.

அதே விலையில் ஆண் பெண் யாருக்கும் பொருந்துகிற ஒரு பரிசை, எண் எழுதாமல், பீரோவில் வைத்திருங்கள். நல்ல ஃபில்டர் காபிப் பொடியும் ஒரு டபரா செட்டும் என்றால் எப்போதும் தவறாது. பரிசை ஆட்டோவில் விட்டுவிட்டு வருகிறவர் 12 பேரில் ஒருவர் இருப்பார். அவருடைய கிறிஸ்சைல்ட் வெறுங்கையோடு உட்காரக்கூடாது. காசை ஜிபேயில் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.