இடித்த தெருவைத் திரையில் எழுப்ப: டெட்ராய்ட் வழியா, பிட்ஸ்பர்க் வழியா?

1950, 60களில் 'நகரச் சீரமைப்பு' என்று சொல்லி அமெரிக்க நகரங்களில் இடித்துத் தள்ளிய கறுப்பினத்தவர் குடியிருப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. டெட்ராய்ட்டின் பிளாக் பாட்டம் ஒன்று. பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்டில் கீழ்ப்பகுதி இன்னொன்று. இரண்டின் நினைவும் இப்போது இணையத்தில் இருக்கிறது. சேர்த்த விதம்தான் வேறு.

டெட்ராய்ட்டின் 'பிளாக் பாட்டம் ஸ்ட்ரீட் வியூ' என்ற இணையத் தொகுப்புக்கு மூலம், 1949-50இல் நிலம் கையகப்படுத்துவதற்காக மாநகராட்சியே எடுத்துவைத்த படங்கள். பொது நூலகத்தில் கிடந்த அவற்றை முகவரி வரிசையில் அடுக்கித் தெருவாக்கிவிட்டார்கள். பாட்டி வீடு எந்த முக்கில் இருந்தது என்று தேடும் பேரனுக்கு இதைவிட உதவியானது கிடையாது. ஆனால் இடிக்க வந்தவர்களின் கேமரா அது. படிக்கட்டும் கூரையும் இருக்கும். யாராவது தென்பட்டால் அது தற்செயல்.

பிட்ஸ்பர்க் கதை தலைகீழ். அங்கே கேமராவைப் பிடித்தவர் ஊர்க்காரர். கறுப்பினத்தவர் பத்திரிகையான 'பிட்ஸ்பர்க் கூரியர்' படக்காரர் சார்ல்ஸ் 'டீனி' ஹாரிஸ். கல்யாணம், பேஸ்பால், ஜாஸ் கிளப், தேவாலயம் என்று எதையும் விடவில்லை. ஒரே கிளிக்கில் எடுத்துவிட்டுப் போவாராம், அதனால் 'ஒன் ஷாட்' என்றே பெயர். கிட்டத்தட்ட 80,000 நெகட்டிவ்களை கார்னகி கலை அருங்காட்சியகம் 2001இல் வாங்கியது. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலானவற்றில் யார் எவர் என்ற குறிப்பே இல்லை. அருங்காட்சியகம் ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் படங்களைக் காட்டிக் கேட்டது. பெயர்கள் வந்தன, கூடவே கதைகளும். என் ஓட்டு இதற்குத்தான்.



வெறும் குரல் போதாதா? சாதாரண மக்களின் பேச்சைப் பதிவு செய்து சேர்க்கும் அமெரிக்க அமைப்பான ஸ்டோரிகார்ப்ஸ் 2007இல் 'கிரியோ' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆப்பிரிக்க அமெரிக்கர்களை இருவர் இருவராக உட்காரவைத்து 40 நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்தது. செலவு குறைவு, நெருக்கம் அதிகம். ஆனால் ஒரு தெருவைத் தேடிப் போனால் எந்த ஒலிப்பதிவின் எத்தனையாவது நிமிடத்தில் அது வருகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பழைய ஆல்பத்தோடு பெரியவர்கள் வீட்டுக்குப் போய், ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாலே போதும். அப்புறம் மறக்காமல் கதவு எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தில் வைக்க அதுதான் வேண்டும்.