திசைக்குத் திசை மாறும் மீட்சிப் பண்பு: செனார் விகிதமா, பொதுக் குறியீடா, மடக்கைக் குறியீடா?

செம்பின் ஒற்றைப் படிகத்தைக் கனசதுர விளிம்பின் திசையில் இழுத்தால் யங் குணகம் (இழுவிசையைப் பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) சுமார் 67 கிகாபாஸ்கல். மூலைக்கு மூலை, உடல் மூலைவிட்டத் திசையில் இழுத்தால் 191. ஒரே உலோகம்தான், கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். இதை ஒரே எண்ணில் எப்படிச் சொல்வது?

பழைய வழி செனார் விகிதம். டையோடுக்குப் பெயர் தந்த அதே கிளாரன்ஸ் செனார்தான். கனசதுரப் படிகத்தின் மீட்சிப் பண்பை சி11, சி12, சி44 என்ற மூன்று மாறிலிகள் சொல்லிவிடும். சி11-இலிருந்து சி12-ஐக் கழித்து, அதனால் சி44-இன் இருமடங்கை வகுக்க வேண்டும். 1 வந்தால் எல்லாத் திசையும் ஒன்றே. டங்ஸ்டனுக்கு ஏறக்குறைய 1, அலுமினியத்துக்கு 1.2, செம்புக்கு 3.2. எந்தத் திசை விறைப்பானது என்பதையும் இது காட்டிவிடும்: 1-க்கு மேல் போனால் மூலைவிட்டம், நியோபியம்போல் கீழே வந்தால் விளிம்பு. மற்ற இரண்டிலும் இந்த வசதி இல்லை. ஆனால் கனசதுரப் படிகத்துக்கு மட்டுமே செல்லும். அப்புறம், அந்தக் கழித்தலில் கவனம் தேவை. செம்பில் சி11 சுமார் 168, சி12 சுமார் 121. சி11-இல் 1% பிழை வந்தாலே வித்தியாசத்தில் 3.6% பிழை ஏறிவிடும்.

எல்லாப் படிக வகைக்கும் பொருந்துவது, 2008-இல் ரங்கநாதனும் ஆஸ்டோயா-ஸ்டார்செவ்ஸ்கியும் தந்த பொதுக் குறியீடு. பல படிகத் துணுக்குகள் வெவ்வேறு திசையில் சேர்ந்த பொருளை எடுத்துக்கொள்வோம். துணுக்குகள் அனைத்திலும் திரிபு (உருமாற்ற அளவு) ஒன்றே என்பது வோய்க்ட் கணக்கு. தகைவு (பரப்பலகுக்கான விசை) ஒன்றே என்பது ராய்ஸ் கணக்கு. வோய்க்ட் மதிப்பை ராய்ஸ் மதிப்பால் வகுத்து, விறைப்புக் குணகங்களின் (வடிவம் சரிவதை எதிர்க்கும் அளவு) விகிதத்தை 5-ஆல் பெருக்கி, பருமக் குணகங்களின் (அமுங்குவதை எதிர்க்கும் அளவு) விகிதத்தைக் கூட்டி, 6-ஐக் கழிக்க வேண்டும். திசை வேறுபாடே இல்லையென்றால் 0, செம்புக்கு 1.8. செனார் விகிதம் 2 என்றாலும் 0.5 என்றாலும் இங்கே 0.6தான்.

அதைவிடப் பெரிய குறை அளவுகோலில் இருக்கிறது. பருமக் குணக விகிதம் 1 என்றே வைத்துக்கொள்வோம். விறைப்பு விகிதம் 2 என்றால் குறியீடு 5, 20 என்றால் 95. கிராஃபைட் போன்ற அடுக்குப் பொருள்களில் எண் எங்கோ போய்விடும். 2016-இல் கியூப் என்ற ஆய்வாளர் அதே விகிதங்களின் மடக்கையை எடுத்து மடக்கைக் குறியீட்டைத் தந்தார். 5-உம் 95-உம் 1.55, 6.7 ஆகின்றன, செம்புக்கு 0.7.

சரி, எனக்கு எது? கனசதுரப் படிகங்கள் மட்டும் என்றால் செனார் விகிதம், பல வகைகளை ஒரே பட்டியலில் வைக்கும்போது மடக்கைக் குறியீடு. பொதுக் குறியீட்டை, பழைய கட்டுரைகளின் எண்களோடு ஒப்பிட வேண்டியபோது மட்டும் கணக்கிடுகிறேன்.