மியாட்டாவுக்கு ஷார்ட் ஷிஃப்டர் போட்டேன்: வாங்குமுன் புஷ்ஷைப் பாருங்கள்

என்னுடையது 1999 மாடல் மாஸ்டா மியாட்டா, 1.8 லிட்டர், ஐந்து கியர். ஒரு வருடமாக யோசித்துவிட்டுப் போன மாதம்தான் ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கிற லீவர், வாங்கிப் போட்டேன். சாமான் நல்ல சாமான். ஆனால் இப்போது கியர் போடும்போது கிடைக்கும் சுகத்தில் பாதிக்கு மேல் அந்த லீவர் கொடுத்ததில்லை, கூடவே மாற்றிய நைலான் புஷ்ஷும் (லீவரின் அடியில் மாட்டும் உறை) இரண்டு ரப்பர் பூட்டும் (லீவரைச் சுற்றி மூடும் உறை) புது ஆயிலும் கொடுத்தது.

இந்த வண்டியில் கியர் லீவர் நேராக கியர்பாக்ஸின் தலையிலேயே உட்காருகிறது. நடுவில் கேபிள் கிடையாது, கம்பி கிடையாது. கம்பெனி லீவரே குட்டையாகத்தான் நகரும். ஆனால் என் வண்டியில் இருபது வருடத்துக்கு மேல் ஓடித் தேய்ந்துபோய், குழைந்த சோற்றுக்குள் கரண்டியை விட்டு ஆட்டுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது.

வேலை கஷ்டமில்லை. நியூட்ரலில் வைத்து, நாபைத் திருகி எடுத்து, கன்சோலைக் கழற்றினால் பெரிய ரப்பர் பூட் தெரியும், அதற்கு நாலு போல்ட். அதன் கீழே சின்ன பூட், மூன்று போல்ட். எல்லாம் 10 மில்லிமீட்டர் சாக்கெட்டுக்குள் முடிகிற வேலை. லீவரை மேலே இழுத்ததும் உள்ளே பார்த்தேன், மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தக் குழியில் கியர்பாக்ஸ் ஆயிலோடு சேராமல் தனியாகச் சுமார் 90 மில்லி ஆயில் நிற்க வேண்டும். எனக்கு இருந்தது ஒரு ஸ்பூன் கறுப்புக் குழம்பு. சின்ன பூட் சுற்றிலும் கிழிந்திருந்தது, இத்தனை கோடையாக முழங்கால் பக்கம் சூடு அடித்தது இதனால்தான். லீவரின் அடி உருண்டையில் தொப்பி மாதிரி மாட்டியிருக்கும் நைலான் புஷ் இரண்டாக உடைந்து, ஒரு துண்டு குழிக்குள் விழுந்து கிடந்தது. நீள மூக்குக் குறடால் அதை எடுத்து, பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி, துணியால் துடைத்தேன்.

இங்கேதான் விற்றவர்கள்மேல் எனக்குக் கோபம். அந்த விலைக்கு விற்கிற கிட்டில் புது புஷ் இல்லை, பூட்டும் இல்லை, பழையதையே திரும்ப மாட்டச் சொல்கிறது குறிப்புத் தாள். அவற்றைத் தனியாக ஆர்டர் செய்து ஐந்து நாள் வண்டி திறந்தே கிடந்தது.

பாகங்கள் வந்ததும் ஒன்று செய்தேன். புது புஷ், புது பூட், புது 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ரக கியர் ஆயில் போட்டுவிட்டு, பழைய லீவரையே திரும்ப மாட்டி ஒரு வாரம் ஓட்டினேன். அந்த ஆட்டம் போயே போய்விட்டது! ஒவ்வொரு கியரும் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தானாகத் தெரிந்தது. மச்சான் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஷார்ட் ஷிஃப்டர் போட்டாச்சா என்று கேட்டான்.

அப்புறம்தான் புது லீவர். மூன்றிலிருந்து நாலுக்கு மணிக்கட்டைத் திருப்பினால் போதும், அவ்வளவு நன்றாக இருக்கிறது, வளைவான சாலையில் இதற்காகவே கியர் மாற்றத் தோன்றும். ஆனால் நெம்புகோல் கணக்கு யாரையும் விடாது. தூரம் 30 சதவீதம் குறைந்தால் கை கொடுக்க வேண்டிய விசை 1.4 மடங்கு ஆகிவிடும். காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியரில் இது நன்றாகவே தெரிகிறது. லீவர் குட்டையானதால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ என்ற வளையத்தின் வேலை ஒன்றும் குறையவில்லை, கியர் வேகத்தைச் சமன் செய்ய அதற்கு வேண்டிய நேரம் வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் தேய்வது அதுதான். அதனால் முதல் சில கிலோமீட்டருக்கு நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தித்தான் இரண்டாவது போடுகிறேன். ரிவர்ஸுக்கும் முன்பைவிட அழுத்தம் வேண்டும். இன்னொன்று, இந்த லீவர் முழுக்க ஒரே உலோகத் துண்டு, அதிர்வை வாங்கிக்கொள்ள ரப்பர் இல்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டினால் நாப் உள்ளங்கையில் ரீங்காரமிடுகிறது. எனக்கு அது பிடிக்கிறது, தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்பவர்களுக்குப் பிடிக்காது.

லீவருக்கு ஐந்தில் நாலு, கிட்டுக்கு மூன்று. கையில் காசு குறைவாக இருந்தால் புஷ், இரண்டு பூட், ஒரு பாட்டில் ஆயில், இவற்றை மட்டும் முதலில் வாங்கிப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.